வீட்டில் சொந்தமாக வைத்துக்கொள்ள எந்தப் படங்கள்? தேர்ந்தெடுப்பதற்கான முழு வழிகாட்டி

வீட்டில் படம் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் கடையிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். எங்கேயோ ஒரு வீடியோ கடை மூடப்போகிறது, டிவிடி எல்லாம் அடிமாட்டு விலைக்குப் போகிறது என்று கேள்விப்பட்டதும் இரண்டு கட்டைப்பை நிறைய அள்ளிக்கொண்டு வந்துவிடுவார்கள். பிளேயரை அதற்கப்புறம்தான் தேடுவார்கள். பிளேயர் வந்ததும் சில தட்டுகள் ஓடாது. ஓடுகிறவற்றில் சிலதில் படம் டிவியின் நடுவில் தபால்தலை மாதிரி தெரியும். சிலதில் பாட்டே இருக்காது. கடைசியில் பைகள் பரணுக்குப் போய்விடும்.

டிவிடி, புளூ-ரே, 4கே தட்டுகளாகப் படங்களை, முக்கியமாகத் தமிழ்ப் படங்களை, வாங்கி வைப்பது பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். எடுக்க வேண்டிய முடிவு இரண்டு: இந்தப் படம் நமக்கு வேண்டுமா, இந்தப் பிரதி நமக்கு வேண்டுமா. புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பிடித்த படத்தின் பெயரை அட்டையில் பார்த்ததுமே கை பர்ஸுக்குப் போய்விடுகிறது.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஓடுகிற ஒரு பிளேயர், ஒரு நோட்டு, ஓரளவு நல்ல டிவி, தட்டுகளை நிமிர்த்தி வைக்க ஒரு அலமாரித் தட்டு. பெரிய ஸ்பீக்கர் செட்டெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அலமாரியில் எவ்வளவு இடம் ஒதுக்குகிறீர்கள் என்பதை மட்டும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். அந்த இடம் ஏன் முக்கியம் என்பது 8-ஆவது படியில் வரும்.

## 1. முதலில் பிளேயர்

பிளேயரை முதலில் வாங்கச் சொல்வதற்குக் காரணம், எந்தத் தட்டு உங்களுக்குப் பயன்படும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. டிவிடியில் உலகத்தை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு மண்டலத்துக்கென்று பூட்டிய தட்டு அந்த மண்டலத்து பிளேயரில்தான் ஓடும். இந்தியா 5, அமெரிக்கா 1, பிரிட்டன் 2, சிங்கப்பூரும் மலேசியாவும் 3. புளூ-ரேயில் ஏ, பி, சி என்று மூன்றே மண்டலங்கள். இந்தியா சி, அமெரிக்காவும் சிங்கப்பூரும் ஏ, பிரிட்டன் பி. 4கே தட்டுகளுக்கு மண்டலப் பூட்டு கிடையாது. லண்டனில் இருக்கும் அத்தை ஆசையாக வாங்கி அனுப்பிய புளூ-ரே இங்கே வாங்கிய பிளேயரில் ஓடாமல் போவதற்கு இதுதான் காரணம். தட்டின் மேல் எந்தக் குறையும் இருக்காது.

இந்தியாவில் வந்த தமிழ் டிவிடிகள் பலவற்றில் மண்டலப் பூட்டு இல்லை. அட்டையின் பின்பக்கம் சின்ன உலக உருண்டைப் படத்துக்குள் ‘ஆல்’ என்றோ 0 என்றோ போட்டிருக்கும். வெளிநாட்டுப் படங்களும் வாங்கப்போகிறீர்கள் என்றால் எல்லா மண்டலமும் ஓடும் பிளேயராகப் பார்த்து வாங்குவது நல்லது.

பிளேயரை ரொம்ப நாள் தள்ளிப்போடவும் வேண்டாம். சாம்சங் 2019-இல் அமெரிக்கச் சந்தைக்குப் புதிய மாடல்கள் கொண்டுவருவதை நிறுத்தியது. எல்ஜி 2024-இல் புளூ-ரே பிளேயர் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. தட்டு போடும் வசதியுள்ள பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் 4கே தட்டு ஓடும். பிள்ளைகளுக்காக அது ஏற்கனவே வீட்டில் இருந்தால் தனி பிளேயர் அவசரமில்லை. ஆனால் அவற்றில் விசிடி ஓடாது.

விசிடி பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். வேறு எந்த வடிவிலும் கிடைக்காத படம் என்றால் மட்டும் யோசியுங்கள். விசிடியின் ஒரு பிரேமில் இருப்பது சுமார் 1 லட்சம் புள்ளிகள். டிவிடியில் சுமார் 4 லட்சம், புளூ-ரேயில் 20 லட்சத்துக்கு மேல், 4கேயில் 80 லட்சத்துக்கு மேல். இன்றைய 55 அங்குல டிவியில் விசிடி போட்டால் ஆளுக்கு மூக்கு இருக்கிறதா என்றே தேட வேண்டியிருக்கும்.

## 2. கடைக்குப் போகாமல் ஒரு நோட்டு போடுங்கள்

இரண்டு மூன்று மாதம் ஒன்றும் வாங்காதீர்கள். அதற்குப் பதிலாக, வீட்டில் யாராவது ஏற்கனவே பார்த்த படத்தை மறுபடி பார்க்கும்போதெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். படத்தின் பெயர், யார் பார்த்தார்கள், முழுசாகப் பார்த்தார்களா, எதில் பார்த்தார்கள். இவ்வளவு போதும்.

இது எதற்கு என்றால், நமக்குப் பிடித்த படம் என்று நாம் சொல்லிக்கொள்வதும் நாம் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் ஒன்றாக இருப்பதில்லை. விருது வாங்கிய படத்தின் பெயரைத்தான் நாலு பேர் முன்னால் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போடுவது வேறாக இருக்கும். அலமாரி அந்த நாலு பேருக்காக நிரம்பினால் அது காட்சிப்பொருள்தான். அப்படி வைத்திருப்பதும் ஒரு ஆசைதான், தப்பில்லை. ஆனால் தெரிந்தே செய்யுங்கள்.

நோட்டில் இன்னொன்றும் தெரியவரும். சில படங்களை நீங்கள் முழுசாகப் பார்ப்பதே இல்லை. காமெடி டிராக்கும் இரண்டு பாட்டும் மட்டும்தான் பார்க்கிறீர்கள். அதற்கு யூடியூப் போதும், தட்டு வேண்டாம். முழுசாக உட்கார வைக்கிற படங்களை மட்டும் தனியாக ஒரு பக்கத்தில் எழுதுங்கள். பெரும்பாலான வீடுகளில் இந்தப் பக்கம் எதிர்பார்த்ததைவிடச் சின்னதாகத்தான் இருக்கும்.

வீட்டில் எல்லாருடைய பெயரும் நோட்டில் வரட்டும். அம்மா மாதம் தவறாமல் பார்க்கிற பழைய கறுப்பு வெள்ளைப் படம்தான் பல வீடுகளில் அதிகம் உழைக்கிற தட்டு.

புதியவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிட்டு ‘சிறந்த 100 படங்கள்’ என்று யாரோ போட்ட பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். அந்தப் பட்டியல் எதைப் பார்க்கலாம் என்று சொல்லும். எதை வைத்துக்கொள்ளலாம் என்று அதற்குத் தெரியாது.

## 3. படத்துக்கு மூன்று கேள்விகள்

நோட்டிலிருந்து வந்த ஒவ்வொரு படத்தையும் இந்த வரிசையில் கேளுங்கள்.

முதல் கேள்வி, அடுத்த ஐந்து வருஷத்தில் இதை இரண்டு தடவையாவது பார்ப்போமா? இல்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். திரில்லர், சஸ்பென்ஸ் வகைப் படங்களில் கொஞ்சம் கறாராக இருங்கள். முடிச்சு அவிழ்ந்த பிறகும் பார்க்கத் தோன்றுகிறதா என்று இரண்டாவது தடவை பார்த்த பிறகுதான் தெரியும்.

இரண்டாவது, நாளைக்கு இது வேறு வழியில் சுலபமாகக் கிடைக்குமா? நாலு ஓடிடியில் இருக்கிற புதுப் பெரிய படத்துக்கு அவசரமே இல்லை. ஒரே இடத்தில் மட்டும் இருக்கிற படம், அல்லது எங்கேயும் இல்லாத படம் பட்டியலில் மேலே ஏற வேண்டும். ஓடிடியில் படங்கள் ஒப்பந்தக் காலத்துக்குத்தான் இருக்கும். காலம் முடிந்தால் சத்தமில்லாமல் போய்விடும். தளங்களே ஒன்றாகிவிடுவதும் உண்டு. டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரும் ஜியோசினிமாவும் 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் ஆனதைப் பார்த்தோம். புகார்களுக்குப் பிறகு 2024 ஜனவரியில் ‘அன்னபூரணி’ நெட்ஃபிளிக்ஸிலிருந்து எடுக்கப்பட்டபோது, சந்தா கட்டியவர்கள் பார்த்திருந்தாலும் பார்க்காவிட்டாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. நமக்குப் பிடித்த வடிவத்திலேயே இந்தப் படம் இருக்குமா? 2002-இல் வந்த ‘பாபா’ 2022-இல் மறுபடி தியேட்டருக்கு வந்தபோது புதிதாக எடிட் செய்யப்பட்டு வந்தது. இந்திப் படமான ‘ராஞ்சனா’வின் தமிழ் வடிவமான ‘அம்பிகாபதி’ 2025 ஆகஸ்டில் ஏஐ மூலம் முடிவை மாற்றி மறுவெளியீடு ஆனது. இயக்குநர் ஆனந்த் எல். ராய், தனுஷ் இருவருமே அதை வெளிப்படையாக எதிர்த்தார்கள். உரிமை வைத்திருப்பவர் நினைத்தால் படத்தை மாற்ற முடியும். உங்கள் அலமாரியில் இருக்கும் பழைய தட்டை மாற்ற முடியாது. மறுவெளியீடு வரப்போகிறது என்று அறிவிப்பு வந்தால், பழைய வடிவத்தின் நல்ல பிரதி கிடைக்கிறதா என்று அப்போதே தேடிவிடுங்கள்.

முதல் கேள்விக்கு ‘ஆமாம்’ வந்து, மற்ற இரண்டில் ஒன்று உறுத்தினால் படம் வாங்கத் தகுந்தது. பாதி வேலை முடிந்தது.

## 4. பிரதியைச் சோதிப்பது

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். ஒரே படத்துக்கு மூன்று நான்கு நிறுவனங்கள் டிவிடி போட்டிருப்பார்கள். ஒன்றில் படம் முழுசாக இருக்கும், இன்னொன்றில் கால் மணி நேரம் காணாமல் போயிருக்கும், விலையில் வித்தியாசமே இருக்காது. எனவே கடையில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். “அண்ணே, ஒரு ரெண்டு நிமிஷம் ஓட்டிக் காட்டுங்க” என்றால் பழைய தட்டு விற்கிறவர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை. மறுத்தால் அடுத்த கடை.

நீளம். படம் ஆரம்பிக்கும் முன் வரும் தணிக்கைச் சான்றிதழை நிறுத்தி வைத்துப் படியுங்கள். பிலிம் காலத்துப் படங்களில் எத்தனை ரீல், எத்தனை மீட்டர் என்று அதில் இருக்கும். 35 எம்எம் பிலிம் நிமிஷத்துக்குச் சுமார் 27.4 மீட்டர் ஓடும். ஆக, சான்றிதழில் 4,400 மீட்டர் என்றால் 4,400-ஐ 27.4-ஆல் வகுக்க வேண்டும். கிட்டத்தட்ட 160 நிமிஷம். ரொம்பப் பழைய சான்றிதழில் அடிக்கணக்கு இருந்தால் 90-ஆல் வகுங்கள். பிறகு பிளேயர் ரிமோட்டில் டிஸ்ப்ளே பட்டனை அழுத்தி மொத்த நேரத்தைப் பாருங்கள்.

இங்கே ஒரு பொடிவைத்த விஷயம் இருக்கிறது. டிவி ஒளிபரப்புக்கு நாட்டுக்கு நாடு இருந்த பி.ஏ.எல்., என்.டி.எஸ்.சி. என்ற இரண்டு முறைகளில், தட்டு பி.ஏ.எல். முறையில் தயாரானதாக இருந்தால் நொடிக்கு 24 பிரேம் ஓட வேண்டிய படம் 25 பிரேம் வேகத்தில் ஓடும். அதனால் 160 நிமிஷப் படம் 154 நிமிஷத்தில் முடிந்துவிடும். எதுவும் வெட்டப்படவில்லை, பாட்டின் சுருதி மட்டும் ஒரு துளி ஏறியிருக்கும். என்.டி.எஸ்.சி. தட்டில் இந்தக் குறைவு வராது. எனவே 154 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். 140 என்று காட்டினால் தட்டை வைத்துவிடலாம்.

சான்றிதழின் இடது கீழ் மூலையில் ஒரு முக்கோணம் இருந்தால் தணிக்கையிலேயே வெட்டு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அது டிவிடிக்காரரின் வேலை இல்லை. அதேபோல், தியேட்டரில் வெளியான சில நாளில் தயாரிப்புத் தரப்பே நீளத்தைக் குறைப்பதும் நம் ஊரில் வழக்கம்தான். அப்படிப்பட்ட படங்களில் சான்றிதழுக்கும் தட்டுக்கும் பொருந்தாமல் இருக்கலாம். அந்தப் படத்தை முதல் நாள் பார்த்தவர் யாராவது உங்கள் வட்டத்தில் இருந்தால் கேட்டுவிடுங்கள்.

பாட்டு. வெட்டுகிறவர்கள் முதலில் கை வைப்பது பாட்டில்தான். படத்தின் பாட்டு வரிசையைக் கைபேசியில் எடுத்து வைத்துக்கொண்டு, தட்டின் மெனுவில் உள்ள பாட்டுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். சில பாட்டு படத்திலேயே இடம்பெறாமல் கேசட்டில் மட்டும் வந்திருக்கும். அது குறையில் சேராது.

படத்தின் சட்டம், அதாவது பிரேமின் வடிவம். 1973-இல் வந்த ‘ராஜராஜ சோழன்’தான் தமிழின் முதல் சினிமாஸ்கோப் (சுருக்கமாக ஸ்கோப், மிக அகலமான சட்டம்) படம். அதற்கு முந்தைய தமிழ்ப் படங்கள், அதற்குப் பிறகும் பல வருஷம் ஸ்கோப் இல்லாமல் வந்தவை எல்லாம் கிட்டத்தட்டச் சதுரமான சட்டத்தில் எடுக்கப்பட்டவை. அவை இன்றைய அகல டிவியில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டையோடு தெரிவதுதான் சரி. புதியவர்கள் அதைக் குறை என்று நினைத்து, ‘வைட் ஸ்கிரீன்’ என்று அட்டையில் போட்ட பிரதியைத் தேடிப் போகிறார்கள். அதில் மேலேயும் கீழேயும் வெட்டியிருப்பார்கள். நெற்றி போயிருக்கும், நாட்டியத்தில் கால் போயிருக்கும். அல்லது பக்கவாட்டில் இழுத்துவிட்டிருப்பார்கள், எல்லாரும் குண்டாகத் தெரிவார்கள்.

ஸ்கோப் படத்தில் இதற்கு நேர்மாறு. மேலும் கீழும் பட்டை இருக்க வேண்டும். டிவி முழுக்க நிறைந்திருந்தால் பக்கங்கள் போய்விட்டன. டைட்டில் எழுத்துகளைப் பாருங்கள். பெயர்களின் ஓரம் வெட்டுப்பட்டால் அதுவே சாட்சி. டைட்டிலை மட்டும் முழுசாகக் காட்டிவிட்டுப் படத்தை வெட்டியிருக்கும் தட்டும் உண்டு. எனவே இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசும் ஒரு காட்சிக்கும் தாவிப் பாருங்கள். பேசுகிறவர் சட்டத்துக்கு வெளியே இருந்தால் தெரிந்துவிடும்.

நான்கு பக்கமும் கறுப்பு இருந்தால் அது பழைய சதுர (4:3) டிவிக்காகச் செய்த ஸ்கோப் பிரதியாக இருக்கும். டிவியில் ஜூம் போட்டால் சட்டம் சரியாகிவிடும், தெளிவு குறையும். வேறு பிரதி இல்லாவிட்டால் வாங்கலாம். கிளம்பும் முன் பிளேயர் அமைப்பில் டிவி வகை 16:9 (அகல டிவி) என்று இருக்கிறதா பாருங்கள், சில நேரம் கோளாறு அங்கேதான் இருக்கும்.

ஒலி. அட்டையில் 5.1 (ஆறு ஸ்பீக்கருக்குப் பிரித்த ஒலி) என்று பெரிதாகப் போட்டிருந்தால் படம் வந்த வருஷத்தைப் பாருங்கள். தமிழுக்கு டிடிஎஸ் என்ற டிஜிட்டல் பல ஸ்பீக்கர் ஒலி 1996-இல் ‘கருப்பு ரோஜா’வோடுதான் வந்தது. 1960-களின் படத்தில் 5.1 என்றால் பின்னால் யாரோ பிரித்துப் போட்டது. நன்றாகச் செய்ததும் இருக்கிறது. ஆனால் வசனத்துக்குக் குகைக்குள் பேசுகிற எதிரொலி, பாட்டுக்குப் புதிதாகச் சேர்த்த டிரம்ஸ் என்று கெடுத்ததுதான் அதிகம். ஒரு பாட்டின் பல்லவியைக் கேட்டாலே போதும். பழைய மோனோ (ஒரே தடத்தில் பதிந்த) ஒலியும் தனி டிராக்காக இருந்தால் அந்தப் பிரதிக்குத்தான் என் ஓட்டு.

மொழி வடிவம். இரண்டு மொழியில் எடுத்த படங்களில் கவனம் தேவை. 2010-இன் ‘ராவணன்’ தமிழில் விக்ரம் ஒரு பாத்திரம், இந்தி ‘ராவண்’ வடிவில் அவரே எதிர்ப் பாத்திரம். அட்டை கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். இந்தி வடிவத்தின் மேல் தமிழ் டப்பிங் ஏற்றிய தட்டா, தமிழிலேயே எடுத்ததா என்பதை உதட்டசைவைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

சப்டைட்டில். எனக்கெதற்கு என்று விட்டுவிடாதீர்கள். தமிழ் தெரியாத மருமகனுக்கும், வெளிநாட்டில் வளரும் பேரப்பிள்ளைக்கும், காது மந்தமான தாத்தாவுக்கும் அது தேவைப்படும். ஒரு பாட்டின் நடுவே தாவிப் பாருங்கள். பல தட்டுகளில் வசனத்துக்கு மட்டும் சப்டைட்டில் இருக்கும், பாட்டு வந்ததும் நின்றுவிடும்.

ஓரத்து முத்திரை. நிறுவனத்தின் பெயர் படம் முழுக்க ஒரு மூலையில் நிற்கும். சிலர் கீழே விளம்பரமே ஓட்டுவார்கள். சின்னதாக, அசையாமல் இருந்தால் கண் பழகிவிடும். ஓடும் எழுத்து பழகாது.

## 5. தட்டைக் கையில் திருப்பிப் பார்ப்பது

பிரதி சரி என்றால் தட்டை எடுத்து டியூப்லைட்டுக்குச் சாய்த்துப் பிடியுங்கள். அடிப்பக்கம் வெள்ளியாக இருந்தால் தொழிற்சாலையில் அச்சடித்தது. லேசான பொன்னிறம் இருந்தால் இரண்டு அடுக்குத் தட்டு. ஊதா கலந்த நிறம் என்றால் கம்ப்யூட்டரில் எழுதியது. அதில் தகவல் இருப்பது சாயத்தில். வெயிலும் வருஷமும் சாயத்தைத் தின்றுவிடும். அட்டை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் ஊதாத் தட்டை வாங்காதீர்கள்.

அடுக்கு எத்தனை என்பதற்கும் காரணம் இருக்கிறது. ஓரடுக்கு டிவிடி 4.7 ஜிபி, ஈரடுக்கு 8.5 ஜிபி. 160 நிமிஷப் படத்தை ஓரடுக்கில் அடைத்தால் நொடிக்கு 4 மெகாபிட்டுக்கும் குறைவான தகவல்தான் கிடைக்கும். ஈரடுக்கில் 7-க்கு மேல். மழை, புகை, கூட்டம் ஓடும் காட்சிகளில் இந்த வித்தியாசம் கட்டம் கட்டமாகக் கண்ணில் படும். ‘ஒரே டிவிடியில் 3 படம்’ என்பது ஓரடுக்குத் தட்டாக இருந்தால் நொடிக்கு ஒன்றரை மெகாபிட்கூடத் தேறாது. மூன்று படம் வாங்கிய சந்தோஷம் ஒரு படத்தைக்கூட உருப்படியாகப் பார்க்க விடாது.

கீறல்களில் வட்டமாகப் போகும் கீறல் ஆபத்தானது, நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும் மெல்லிய கீறல் பெரும்பாலும் ஓடிவிடும். லேசர் படிக்கும் பாதை வட்டமாகப் போவதால், அதே திசையில் விழுந்த கீறல் தொடர்ச்சியாகத் தகவலை மறைத்துவிடும். நடு ஓட்டையைச் சுற்றி முடி அளவு விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது வளரும். விசிடி வாங்கியே தீர வேண்டும் என்றால் மேல்பக்கத்தைச் சோதியுங்கள். அதில் தகவல் அடுக்கு லேபிளுக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது, மேலே கீறினால் தீர்ந்தது. டிவிடியில் அந்த அடுக்கு இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கும்.

டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

## 6. எதற்கு எவ்வளவு கொடுக்கலாம்

மோசர் பேர் என்ற தட்டு தயாரிப்பு நிறுவனம் 2007 வாக்கில் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கொண்டுவந்தது. அந்த விலைக்கு வந்த தட்டுகள் இன்னும் ஊரெல்லாம் இருக்கின்றன. அதனால் சாதாரணமாகக் கிடைக்கிற படத்துக்கு ‘அரிய சேகரிப்பு’ என்று சொல்லி ஆயிரக்கணக்கில் கேட்டால் அவசரப்பட வேண்டாம். சென்னையில் மூர் மார்க்கெட் பக்கமும் ஊர்களில் பழைய பேப்பர் கடைகளிலும் அதே தட்டு திரும்பத் திரும்ப வரும்.

என் கணக்கு ரொம்ப எளிமையானது. கொடுக்கும் விலையை, எத்தனை தடவை பார்ப்போம் என்று நோட்டு சொல்கிறதோ அதால் வகுக்கிறேன். தியேட்டர் டிக்கெட் ஒன்றின் விலைக்குள் வந்தால் யோசிக்க மாட்டேன். வேறு எங்கேயும் கிடைக்காத படத்துக்கு மட்டும் இந்தக் கணக்கைத் தளர்த்தலாம்.

பாக்ஸ் செட்டில் ஜாக்கிரதை. பத்துப் படத் தொகுப்பில் உங்களுக்கு வேண்டியது இரண்டு மூன்றாக இருக்கும். தனித்தனியாகக் கிடைத்தால் அப்படியே வாங்குங்கள், பிரதியைச் சோதிக்கவும் அதுதான் வசதி.

டிவிடி இருக்கும் படத்துக்குப் புளூ-ரே வந்தால் வாங்கலாமா? புதிதாக நெகட்டிவிலிருந்து ஸ்கேன் செய்து எடுத்திருந்தால் வாங்கலாம். பழைய டிவிடி மாஸ்டரையே ஊதிப் பெரிதாக்கிப் புளூ-ரே என்று விற்பதும் நடக்கிறது. துணியின் நெசவு, முகத்தின் தோல் தெரியும் ஒரு நெருக்கக் காட்சியைப் பாருங்கள். மெழுகுபொம்மை மாதிரி வழவழவென்று இருந்தால் பணத்தை மிச்சம் பிடியுங்கள். மறுவெளியீடு ஆன படமெல்லாம் தட்டாக வரும் என்றும் காத்திருக்க வேண்டாம். 1964-இன் ‘கர்ணன்’ 2012-இல் டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டுத் தியேட்டரில் நன்றாக ஓடியது. இப்படிப் புதுப்பித்த படங்கள் தட்டாக வந்து, அட்டையில் புதுப்பித்தது என்று எழுதியிருந்தாலும், உள்ளே இருப்பது புதுப்பித்த வடிவமா பழைய டிவிடி ப்ரிண்டா என்பதை எந்தப் படத்திலும் ஓட்டிப் பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

## 7. தட்டே வராத படங்களுக்கு

கடந்த சில வருஷத் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை தட்டாக வரவே இல்லை. அதனால் மூன்று கேள்வியையும் தாண்டிய படம்கூடக் கையில் வராமல் போகலாம்.

இணையத்தில் ‘வாங்குங்கள்’ என்ற பட்டனை அழுத்தலாம். ஆனால் கிடைப்பது பார்ப்பதற்கான உரிமம்தான். கலிபோர்னியாவில் 2025 முதல் நடப்பில் உள்ள சட்டம், இதை வாங்குகிறவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது. அங்கே சட்டம் போட்டுச் சொல்லவைக்கும் அளவுக்கு மக்கள் ஏமாந்திருக்கிறார்கள். வாடகை விலையைவிடக் கொஞ்சம்தான் அதிகம் என்றால் வாங்குங்கள், அதைச் சேகரிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இந்தப் படங்களுக்காக நோட்டில் ஒரு தனிப் பக்கம் வையுங்கள். தேடும் படங்களின் பெயர், சரியான நீளம், எத்தனை பாட்டு, ஸ்கோப்பா இல்லையா என்று எழுதிவைத்துக்கொண்டால், எதிர்பாராமல் எங்கேயாவது தட்டு கண்ணில் பட்டால் அங்கேயே நின்று முடிவு செய்யலாம். சிங்கப்பூர், மலேசியா, லண்டனில் இருக்கும் சொந்தக்காரர்களிடமும் இந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பிவையுங்கள். அங்கே வந்த தமிழ்த் தட்டுகளில் சில இங்கே வந்தவற்றைவிடத் தரமானவை. மண்டலத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கிடைக்கவில்லையே என்று திருட்டுப் பிரதியை வைத்து இடத்தை நிரப்புகிறவர்கள், நல்ல தட்டு வரும்போது ‘அதான் இருக்கிறதே’ என்று விட்டுவிடுகிறார்கள். தேடல் நின்றுபோவதற்கு அதுவே காரணமாகிறது.

## 8. வைக்கும் முறையும் வெளியே அனுப்புவதும்

தட்டுகளைப் புத்தகம் மாதிரி நிமிர்த்தி வையுங்கள். படுக்கவைத்து அடுக்கினால் நாளடைவில் வளையும். வெயில் படும் ஜன்னல் ஓரமும் சமையலறைச் சுவரும் வேண்டாம். இடம் போதவில்லை என்று எல்லாவற்றையும் மலிவான பிளாஸ்டிக் உறை ஆல்பத்தில் செருகிவிடாதீர்கள். கடலோர ஊர்களின் வெக்கையில் உறை தட்டோடு ஒட்டிக்கொள்ளும். துடைப்பதென்றால் மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு, நேர்கோட்டில்.

வாங்கிய வாரத்திலேயே முதலிலிருந்து கடைசி வரை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். கோளாறு பெரும்பாலும் தட்டின் ஓரப்பகுதியில், அதாவது நிரம்பிய ஓரடுக்குத் தட்டானால் கிளைமாக்ஸில்தான் வரும். கடையில் பார்த்த இரண்டு நிமிஷத்தில் அது தெரியாது. மாற்றிக்கொடுப்பதாகச் சொன்ன கடைக்காரருக்கும் ஒரு வாரத்துக்கு மேல் ஞாபகம் இருக்காது.

இப்போது அலமாரி விஷயம். ஆரம்பத்தில் ஒதுக்கிய இடம் நிறைந்துவிட்டால் இன்னொரு அலமாரி வாங்காதீர்கள். புதிதாக ஒன்று உள்ளே வர வேண்டும் என்றால் பழையதில் ஒன்று வெளியே போகட்டும். அப்போதுதான் 3-ஆவது படியின் முதல் கேள்விக்கு மனசு உண்மையான பதில் சொல்லும். இடம் இருக்கும்வரை எல்லாப் படமும் வேண்டியதாகத்தான் தோன்றும்.

வெளியே அனுப்பத் தேர்ந்தெடுக்கும்போது ‘வேறு எங்கேயும் கிடைக்காது’ என்று குறித்த படங்களை, நீங்கள் பார்க்காவிட்டாலும், கடைசிக்கு வையுங்கள். ஓடிடியில் நல்ல தரத்தில் கிடைப்பவை, ஒரே படத்தின் இரண்டாவது பிரதி, பரிசாக வந்து உறைகூடப் பிரிக்காதவை ஆகியவை முதலில் போகட்டும். பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுவதற்கு முன், பக்கத்து வீட்டில் இன்னும் டிவிடி பிளேயர் வைத்திருக்கும் பெரியவர்களைக் கேளுங்கள். கொடுக்கும்போது எந்த இடத்தில் திக்கும் என்று தெரிந்தால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உறைக்குள் வைத்துவிடுங்கள். நோட்டிலும் அந்தப் பெயரை அடித்துவிட்டு, யாரிடம் போனது என்று பக்கத்தில் குறியுங்கள். நாலு வருஷம் கழித்து அதே படத்தை மறுபடி விலை கொடுத்து வாங்கப் போகும் முன் அங்கே போய்க் கேட்டுப் பார்க்கலாம்.